ஒரு சிட்டிகை கோபால்ட்

எனக்கு நீச்சல் தெரியாது. தென்காசிக்காரிக்கு அருவியில் நிற்கத் தெரியும், குளத்தில் கால் நனைக்கத் தெரியும். கடல் என்றால் காலண்டரில் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்ட என்னைத்தான் குமரிமுனைக்குத் தெற்கே இரண்டு நாள் கப்பலில் கூட்டிப்போய், ஆறடி உலோக உருண்டைக்குள் திணித்து, நாலாயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறக்கினார்கள். எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. எல்லாம் ஜெசிந்தா மச்சாதுவின் வாய் செய்த வேலை.

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி, ஆழ்கடல் கலம் ஓட்டுவதில் இருபது வருஷம் ஊறியவள். புதுக் கலத்தின் முதல் முழுக்குக்குத் தேதி குறித்த கூட்டத்தில் எழுந்து நின்றாள். "எங்க பக்கம் புதுசா வள்ளம் கட்டுன ஓடாவி, மொத ஓட்டத்துல ஏறி உக்காரணும். ஏற மாட்டேன்னா அந்த வள்ளத்த ஒருத்தனும் தொட மாட்டான். காந்தம் செஞ்ச டாக்டரம்மா எங்கூட வரட்டும். இல்லன்னா நானும் போமாட்டேன்."

திட்டத் தலைவர் திரவியம் சார் சிரித்துக்கொண்டே, "நியாயந்தானே உலகம்மை?" என்றார். நான் என்ன சொல்ல? மூன்று வருஷமாக அந்தக் காந்தத்தைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

பீற்றியதற்குக் காரணம் இருந்தது. ஆழ்கடல் கலம் கீழே போக அடியில் இரும்பு எடைகளைக் கட்டுவார்கள். மேலே வர அவற்றைக் கழற்றிவிட வேண்டும். பழைய கலங்களில் அதற்கு மின்சாரப் பொத்தான். நாலு வருஷத்துக்கு முன் ஒரு கலத்தில் மின்சாரம் போய், பொத்தான் வேலை செய்யாமல், உள்ளே இருந்த இரண்டு பேரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அதில் ஒருவன் ஜெசிந்தாவிடம் தொழில் படித்தவன். மின்சாரமே வேண்டாத ஒரு கொக்கி செய்கிறேன் என்று நான் இறங்கியது அதற்குப் பிறகுதான். ஒரு ரூபாய்க் காசு அளவு காந்தம் ஒன்று கொக்கியைப் பிடித்திருக்கும். கொக்கி எடைகளைப் பிடித்திருக்கும். குறித்த ஆழத்தின் அழுத்தம் வந்ததும் காந்தம் தானே செத்துவிடும். எடைகள் விழும், கலம் மேலே வரும். யாரும் எதையும் அழுத்த வேண்டாம், மயங்கிக் கிடந்தாலும் வந்து சேர்வார்கள்.

இனி என் திருட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கரையில் அழுத்தத் தொட்டிக்குள் சோதித்தபோது காந்தம் நாலாயிரத்தில் விடாமல், மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதிலேயே விட்டுவிட்டது. கூட்டத்தில் ஒருத்தர், "உங்க காந்தம் கல்யாண வீட்ல மொதப் பந்திக்கு ஓடுறவர் மாதிரி முந்துதே அம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரும்ப உருக்கினேன், சரியாக நாலாயிரத்தில் விட்டது, சான்றிதழும் எழுதினேன். பிறகும் மனசு ஆறவில்லை. முந்தினால் மானம் போகுமே, கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று, கலத்தில் பொருத்துவதற்கான துண்டை உருக்கும்போது ஒரு சிட்டிகை கோபால்ட் அதிகம் போட்டேன். என் கணக்கில் அது நாலாயிரத்து நூற்றைம்பதில் விடும். கடல்தரை அந்த இடத்தில் நாலாயிரத்து முந்நூறு என்று வரைபடம் சொன்னது. நூற்றைம்பது மீட்டர் பிந்தினால் என்ன, யார் கண்டார்கள்? சான்றிதழை மாற்றவில்லை. கொசுறு போட்டுக் கொடுத்த கடைக்காரி மாதிரி நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

காலை எட்டு மணிக்கு இறங்கினோம். கலம் உருண்டையாக, மஞ்சளாக இருந்ததால் மீன் பெயரை வைத்துக் 'கிளாத்தி' என்று கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் ஜன்னல் நீலமாகி, கறுத்து, அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

"பயமா டாக்டரம்மா?" என்றாள் ஜெசிந்தா.

"இல்ல."

"பொறவு ஏன் எம் முட்டியப் பிடிச்சிக்கிட்டு இருக்கிய?"

கையை எடுத்துக்கொண்டேன். அவள் பலமாகச் சிரித்தாள். பிறகு, "நேரம் கெடக்கு. ஒண்ணு சொல்லுங்க. சூட்டுல போட்டா காந்தம் செத்துப்போவும், அது பள்ளிக்கூடத்துல படிச்சது. கீழ ஐஸ் மாதிரில்லா இருக்கும். குளிர்ல எப்படிச் சாவும்?" என்றாள்.

"காந்தத்துக்குள்ள ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டி ஊசின்னு வச்சிக்கோங்கக்கா. எல்லாம் ஒரே பக்கம் பாத்து நிக்கதாலதான் அது காந்தம். சூடு பண்ணினா ஊசி ஆடும், திசை கலைஞ்சிரும். அது ஒரு சாவு. இது வேற. சூட்டை மொத்தமா உருவி எடுத்தாலும் அணுவுக்குள்ள ஒரு நடுக்கம் மிச்சம் இருக்கும். குவாண்டம் நடுக்கம்னு சொல்லுவோம். அது குளிருக்கு அடங்காது. அமுக்க அமுக்கக் கூடும்."

"அமுக்குனா அடங்கத்தானே செய்யணும்?"

"பஸ்ஸ நெனச்சிக்கோங்க. அம்பது பேர் போனா அவங்கவங்க சீட்ல முன்னாடி பாத்து இருப்பாங்க. தீபாவளிக்கு மொத நாள் அதே பஸ்ல எரநூறு பேர ஏத்துனா? யாரு சீட்டு எது, யாரு எந்தப் பக்கம் பாக்கான்னு ஒரு எழவும் தெரியாது. அதே மாதிரி, அணுவ நெருக்கினா எலக்ட்ரான் பக்கத்து அணுவுக்குள்ள போய் வரும். எனக்குன்னு ஒரு திசைன்னு எதுவும் நிக்காது. ஒரு அழுத்தம் வரைக்கும் காந்தம். அதுக்குக் கொஞ்சம் மேல போனா வெறும் உலோகத் துண்டு."

"இது ஒங்களுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாதா?"

"தெரியும். ஆனா அவங்க எல்லாம் பூச்சியத்துக்குக் கீழ எரநூறு, எரநூத்தம்பது டிகிரின்னு குளிர வச்சித்தான் பாத்தாங்க. கடல் குளிர்லயே நடக்க மாதிரி நான்தான் உருக்கினேன்." சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்தது. பீற்றல் எங்கே போகும்!

மூவாயிரத்து எழுநூறில் பின்பக்கம் 'டொப்' என்று ஒரு சத்தம். விளக்கு போயிற்று. திரை போயிற்று. மேலே கப்பலோடு பேசும் தொலைபேசி போயிற்று. காற்றாடியும் நின்றது.

"மாதாவே" என்றாள் ஜெசிந்தா, ஒரே ஒரு தடவை. டார்ச்சை ஏற்றினாள். எடைகளைக் கழற்ற இதிலும் இருந்த மின்சாரப் பொத்தானை நாலு முறை அழுத்திப் பார்த்தாள். செத்துக் கிடந்தது. உடனே மேலே இருந்து இரண்டு முகமூடிகளை இழுத்து ஒன்றை என் முகத்தில் மாட்டினாள். அதன் குழாய், மார்பில் தொங்கும் ஒரு சுண்ணாம்புப் பெட்டிக்குப் போகும். நாம் விடும் கெட்ட மூச்சைச் சுண்ணாம்பு உறிஞ்சிக்கொள்ளும். "ஒரு நாளைக்குத் தாங்கும்" என்றாள். "பதறாதீங்க. ஒங்க காந்தத்துக்கு இப்பத்தானே வேல? இன்னும் முந்நூறு மீட்டர்ல விட்டிரும்."

சுருள்வில்லில் ஓடும் ஆழமானி ஒன்று மட்டும் மின்சாரம் இல்லாமல் நகர்ந்தது. டார்ச் வெளிச்சத்தில் அவள் அதைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே, நாலாயிரத்தில் விடாது என்று. நூற்றைம்பது மீட்டர்தானே, உலகம்மன் தாயே, கலத்தின் கூடு தாங்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"மூவாயிரத்துத் தொள்ளாயிரம்" என்றாள். "நாலாயிரம்." மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். "நாலாயிரத்து இருவது. ஏட்டி, என்னாச்சு?"

நான் வாய் திறப்பதற்குள் கலம் எதிலோ மோதி, சாய்ந்து, நின்றது. நீரோட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. வரைபடத்தில் இல்லாத ஒரு சேற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டோம். முள் நாலாயிரத்து எண்பதில் நின்றது. இனி அழுத்தம் கூடாது. என் காந்தமும் விடாது.

சொன்னேன். சான்றிதழையும் சிட்டிகையையும், முதல் பந்திக்காரர் சிரிப்பையும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் ஓங்கி ஒரு அறை விட்டாள். முகமூடி இருந்ததால் கன்னம் தப்பித்தது, தோளில் விழுந்தது.

"சோத்துல ஒரு பிடி கூட வச்சா புண்ணியம். இதுலயுமாட்டி வைப்ப, கூறுகெட்டவளே! சாவுறது பெருசில்ல. நீ செஞ்சது தப்பாதுன்னுதானே நான் மேல அத்தன பேருக்கும் சொல்லிட்டு வந்தேன்!"

நான் அழுதேன். முகமூடிக்குள் அழுவது கொடுமை. மூக்கைத் துடைக்க முடியாது. மேலே இருப்பவர்களால் எங்களை எடுக்க முடியாதா என்று கேட்டேன். இவ்வளவு ஆழத்துக்குக் கயிறு இறக்கும் கப்பல் வந்து சேர நாலு நாள் ஆகும் என்றாள். சுண்ணாம்பு ஒரு நாள்.

"எழுவது மீட்டர்" என்று புலம்பினேன். "வெறும் எழுவது மீட்டர் தண்ணி கூட இருந்தா போதும். காந்தம் முக்காலே மூணு வீசம் செத்துத்தான் கெடக்கு."

"அப்ப மிச்சத்த நீ கொல்லேன்."

கோபத்தில் சொன்னாள். ஆனால் அது எனக்கு உறைத்தது. அழுகை நின்றேவிட்டது.

"அக்கா, மேல கரையில அந்தக் காந்தத்தச் சூட்டால கொல்லணும்னா எரநூறு டிகிரி வேணும். அமுக்க அமுக்க அந்த எரநூறு கொறைஞ்சிக்கிட்டே வரும். எல்லைக்குப் பக்கத்துல வந்துட்டா கிடுகிடுன்னு எறங்கிரும். நாம எல்லையில இருந்து எழுவது மீட்டர்ல இருக்கோம். இங்க அதுக்கு ஏழெட்டு டிகிரி கூடுனாலே போதும்!"

"வெளிய கடல் ரெண்டு டிகிரி. நீ எப்படிப் போயி சூடு பண்ணுவ?"

காந்தம் காசு அளவுதான். அதன் வெப்பத்தை அளப்பதற்காக விரல் பருமனில் ஒரு செம்புக் கம்பி, கூட்டின் வழியாக உள்ளே வந்து என் இருக்கைக்கு அடியில் ஒரு சாண் நீளம் நீட்டிக்கொண்டிருந்தது. காந்தம் எண்ணெய்ப் பெட்டிக்குள் இருக்கிறது, கடல் குளிர் சட்டென்று ஏறாதபடி அதைச் சுற்றி நுரை உறை. கம்பியின் இந்த முனை சூடானால் மெல்ல மெல்ல அந்த முனையும் சூடாகும். இரண்டு கையாலும் பிடித்தேன். அஞ்சு நிமிஷத்தில் விரல் மரத்தது. ஜெசிந்தா என்னைத் தள்ளிவிட்டுப் படுத்து, கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் அவள் உதடு நீலம் பாரித்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"இங்கன ஒடம்பெல்லாம் வெறைக்கி" என்று முனகினாள். "இந்தச் சவத்துப் பெட்டி மட்டும் நெஞ்சச் சுடுது."

நான் அவள் மார்பில் இருந்த பெட்டியைத் தொட்டேன். இட்லிக் கொப்பரை மூடி மாதிரிக் கொதித்தது. கெட்ட மூச்சைக் குடிக்கும்போது சுண்ணாம்பு சூடாகும். எட்டாம் வகுப்பில் படித்த ரசாயனம், மூன்று பட்டம் வாங்கிய மண்டைக்கு அதுவரை ஏறவில்லை.

"பெட்டியக் கம்பியில வைங்க! ரெண்டு பெட்டியும்! நடுவுல கம்பி!"

எதிரும் புதிருமாகப் படுத்தோம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கம்பியை அழுத்திப் பிடித்தோம்.

"மூச்சு அதிகமா விட்டா சூடு கூடும். ஒடம்புக்கு வேல குடுக்கணும்" என்றேன். "ஆனா அப்படி விட்டா சுண்ணாம்பு சீக்கிரம் தீரும். ஒரு நாள் தாங்குறது ரெண்டு மூணு மணி நேரத்துல போயிரும்."

ஜெசிந்தா யோசிக்கவே இல்லை. "நாலு நாள் கழிச்சி வார கப்பலுக்கு ஒரு நாள் சுண்ணாம்ப வச்சி என்ன செய்ய? எரிட்டி எல்லாத்தையும்."

காலோடு கால் வைத்து ஒருவரை ஒருவர் உதைத்துத் தள்ளினோம். கபடி ஆடுகிறவர்கள் மாதிரி மூச்சு வாங்கியது. அவள் உதைத்தாள், நான் உதைத்தேன். உதைக்கு ஒரு வசவு வைத்தாள். என் பட்டத்தை, என் தென்காசியை, நீச்சல் தெரியாத என் பரம்பரையை எல்லாம் ஏசினாள். நானும் விடவில்லை, அவள் வாயைப் பற்றித் தூத்துக்குடி முழுக்கப் பேசிக்கொள்வதை அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். பெட்டி சுட்டது, தோல் கன்றியது. ஒருத்தியும் நகரவில்லை. அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. தலை சுற்ற ஆரம்பித்தது. "இன்னும் உதை!" என்று அவள் கத்தியபோது எனக்குக் காலே இல்லாத மாதிரி இருந்தது. இருந்தும் உதைத்தேன்.

அடியில் 'டக்' என்றது.

பிறகு இரும்பு உருண்டு போகும் சத்தம், கலம் ஒரு குலுங்கு குலுங்கி நிமிர்ந்தது. ஜெசிந்தா டார்ச்சை ஆழமானியின் மேல் அடித்தாள். நாலாயிரத்து எழுபது. நாலாயிரத்து ஐம்பது. நாலாயிரம்!

"செத்துப்போச்சு!" என்று கத்தினேன். "எங் காந்தம் செத்துப்போச்சுக்கா!"

"செத்த வீட்டுக்கு இப்படிச் சிரிக்கவ நீ ஒருத்திதான்" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டாள். அவளும் சிரித்தாள், அழுதாள், மாதாவுக்கு எத்தனை மெழுகுவர்த்தி என்று சத்தமாகக் கணக்குப் போட்டாள். உலகம்மனுக்கும் சேர்த்துப் போடுங்க என்றேன். இரண்டு மணி நேரம் மேலே வந்தோம். ஜன்னலில் கறுப்பு மெல்ல நீலமானதைப் பார்த்தபோது, இத்தனை அழகான ஒன்றை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று தோன்றியது. காலண்டர்க் கடலெல்லாம் எதற்கு ஆகும்!

கதவைத் திறந்ததும் மத்தியான வெயில் கண்ணில் குத்தியது. கப்பலில் இருந்த முப்பது பேரும் இரும்புத் தளத்தை ஸ்பேனரால் தட்டினார்கள், விசில் அடித்தார்கள். திரவியம் சார் ஓடி வந்தார். தூத்துக்குடியிலிருந்து குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த ரோஜா மாலை அவர் கையில் இருந்தது.

"கரண்டு போச்சுன்னு தெரிஞ்சதும் எங்க உசுரு எங்ககிட்ட இல்ல. காந்தம் விட்டிருச்சு! கரண்டே இல்லாம விட்டிருச்சு! நாலாயிரத்துல விட்டுதா உலகம்மை?"

எல்லாக் கருவிகளும் மூவாயிரத்து எழுநூறிலேயே பதிவை நிறுத்தியிருந்தன. கீழே நடந்தது எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் ஒரு வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள், வேண்டுமென்றே நிமிரவில்லை. 'ஆமா சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் மாலை என் கழுத்தில். இனி வரும் ஒவ்வொரு கலத்திலும் என் காந்தம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்ல சார். விடல" என்றேன். "நான்தான் ஏமாத்தினேன்."

தட்டல் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சிட்டிகை கூடப் போட்டது, சான்றிதழில் பொய், மேட்டில் மாட்டியது, சுண்ணாம்பு. திரவியம் சாரின் கையில் மாலை தொங்கிப்போயிற்று. "நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் செஞ்சேன் சார். கூட இருந்தா நல்லதுன்னு நெனச்சேன். அது கொன்னுருக்கும்."

வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததும் மனசு லேசாகிவிட்டது, அதுதான் ஆச்சரியம்.

அப்போது கூட்டத்தின் பின்னால் இருந்து சேர்மக்கனி அண்ணாச்சி முன்னால் வந்தார். கலத்தின் மின்கலப் பெட்டிகள் அவர் பொறுப்பு. முப்பது வருஷத்தில் ஒரு பழுது கண்டுபிடிக்க முடியாத கை.

"சார், நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார். "மின்கலப் பெட்டிய எண்ணெய் ஊத்தி மூடி, ரப்பர்ப் பை ஒண்ணு வைப்போம்லா? ஆழம் போகப் போக, வெளி அழுத்தத்துக்கு ஈடா பை சுருங்கிக் குடுக்கணும். பை கிழிஞ்சிரக் கூடாதேன்னு நான் அதுக்கு மேல இன்னொரு ரப்பர் உறை போட்டேன். படத்துல இல்லாத உறை. யாருகிட்டயும் சொல்லல. அது சுருங்க விட்டிருக்காது. பெட்டி ஒடைஞ்சி தண்ணி போயிருக்கும். அந்த 'டொப்'பு என் வேல சார்."

ஜெசிந்தா நிமிர்ந்தாள்.

அண்ணாச்சி இன்னும் முடிக்கவில்லை. தளத்தின் மறுகோடியில், வியாழக்கிழமை முழுக்குக்காகத் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்த இரண்டாவது கலத்தைக் காட்டினார். அதை ஓட்டப்போகிறவள் அவருடைய மகள் இசக்கிப்பிரியா. அந்த வருஷம்தான் ஜெசிந்தாவிடம் பயிற்சி முடித்திருந்தாள். தளத்தின் ஓரத்தில், கையில் ஸ்பேனரோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"அதுல எம் பொண்ணு போறாளேன்னு" என்றார். "அதுல ரெண்டு உறை போட்டிருக்கேன்."

இசக்கிப்பிரியா ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். அப்பாவைத் திட்டவில்லை. அவர் இடுப்பில் செருகியிருந்த கத்தியை உருவி, அவர் கையிலேயே கொடுத்தாள். "வாங்கப்பா. நீங்களே கிழிங்க" என்றாள்.

தார்ப்பாயை நாங்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்தோம்.